முப்பது கிலோவும் ஓர் ஆரஞ்சுப் பெட்டியும்

விமான டிக்கெட் போடுகிற தொழிலில் டிக்கெட் போடுவதுதான் ஆகச் சின்ன வேலை. விமானத்தில் சோறு தருவார்களா, வழியில் மழை பெய்யுமா, பக்கத்து சீட்டில் உட்காரப் போகிறவர் எப்படிப்பட்ட ஆள் என்பதற்கெல்லாம் ஜவாப்தாரி நாம்தான். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து இடுப்பு வலி சம்பாதித்த சகோதர சகோதரிகளுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

என் கடை தெரணியகலை பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு பேக்கரியின் மேல்மாடியில் இருக்கிறது. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கிற லயத்தில் பிறந்தவன் நான். கொழும்பில் எட்டு வருடம் ஒரு பெரிய ஏஜென்சியின் குளுகுளு அறையில் உட்கார்ந்துவிட்டு, சொந்தத் தொழில் ஆசையில் ஊருக்கு வந்து மாட்டிக்கொண்டேன். கடையில் என்னோடு வேலை பார்ப்பவர் சந்தமாலி. சிங்களப் பெண். தோட்டத்துப் பிள்ளைகளோடு ஓடி விளையாடி வளர்ந்தவர் என்பதால் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

பாங்கொக் போகாத மஹத்தயா

கடை திறந்த முதல் வாரமே ஹார்ட்வெயார் கடை மஹத்தயா, சிங்கள முதலாளி, படியேறி வந்தார். பாங்கொக் நான்கு நாள் பயணம் எவ்வளவு என்று கேட்டார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஹோட்டல், காலைச் சாப்பாடு, படகுச் சவாரி என்று ஒரு மணி நேரம் விளக்கி, கீழே பேக்கரியில் டீயும் மீன் வைத்த மாலு பணிசும் வரவழைத்துக் கொடுத்தேன். துண்டுப் பிரசுரங்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்வதாகப் போனார். அடுத்த திங்கட்கிழமை சிங்கப்பூர். அதற்கடுத்த திங்கட்கிழமை மாலைதீவு. இப்படியே ஐந்து மாதம் ஓடியது. உலக வரைபடத்தில் மிச்சமிருந்தது வட துருவம் மட்டும்தான்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன்: "மஹத்தயா, எப்பதான் போறீங்க?" அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. போன வாரம்தான் வீட்டு நோனாவைக் கூட்டிக்கொண்டு ரம்புக்கனையில் ரயில் ஏறி பதுளை வரை போய் வந்தாராம். ஜன்னல் ஓரம், நல்ல குளிர், வடை சூடாகக் கிடைத்ததாம். "அப்போ பாங்கொக்?" என்றேன். அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"அது தம்பி, ஒங்க கடைக்கு வந்து போறதுதான் எனக்கு பாங்கொக். ஹரி ஷோக், ரொம்ப ஜோர். டீயும் கெடைக்குது."

மூன்றாவது ஆள் இலவசம்

இரண்டு பேருக்கு எடுத்தால் மூன்றாமவருக்கு இலவசம் என்று கோலாலம்பூருக்கு ஒரு சலுகை வந்தது. ரப்பர் பெக்டரி கிளார்க் ஒருவர், கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாதவர், தேனிலவுக்காகப் பணம் கட்டினார். ரசீதை மடித்தவர், "அந்த மூணாவது டிக்கெட்ட என்ன செய்வீங்க?" என்று கேட்டார். யாரும் போகாவிட்டால் அது வீண்தான் என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் உண்மையைச் சொன்னேன். அவரும் தோட்டத்தில் வளர்ந்தவர், ஒன்று வீணாகப் போகிறது என்று கேட்டால் பொறுக்குமா? மறுநாள் மூன்றாவது பாஸ்போர்ட் வந்தது. மாமியாருடையது.

சலுகைகளைப் பற்றி என்னிடம் கேட்பவர்களுக்கு அன்றிலிருந்து ஒரே அறிவுரைதான்: இலவசமாக என்ன தருகிறார்கள் என்று பார்க்கும் முன் அது எங்கே படுக்கும் என்று பாருங்கள். அந்தச் சலுகையில் அறை ஒன்றுதான், கட்டிலை மட்டும் கூட்டிப் போடுவார்கள். நால்வரும் நல்லபடியாகத் திரும்பி வந்தார்கள். நால்வர் என்றது, மாமியார் வாங்கி வந்த ஆளுயரப் பொம்மையையும் சேர்த்து. நன்றி சொல்லக் கடைக்கு வந்தவரும் அந்த அம்மாதான்:

"எல்லாமே நல்லா இருந்திச்சி தம்பி. மருமகன்தான் பாவம், நாலு நாளும் தூங்கவே இல்ல. எனக்குக் கொறட்ட ஜாஸ்தி."

இலவசப் பெட்டி

பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. கொழும்பிலிருந்து ஒரு மொத்த வியாபாரி, இந்தியா டிக்கெட் எடுப்பவர்களுக்குக் கொடுக்கச் சொல்லிப் பன்னிரண்டு பெட்டிகளை அனுப்பிவைத்தார். ஆரஞ்சு நிறம், நான்கு சக்கரம், வெடிகுண்டு போட்டாலும் உடையாத கெட்டி. ரோட்டைப் பார்த்த மாடி வாசலில் அடுக்கிவைத்தேன். பஸ்ஸில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

அந்தப் பெட்டிகளைத் தாண்டித்தான் சரோஜாம்மா வந்தார். தோட்டத்து மேல் டிவிஷனில் நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்து, சில மாதங்களுக்கு முன் வேலையை விட்டவர். தோட்டத்து ஜனங்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலத்தில் அவருடைய அக்கா பாக்கியமும் போனார், அப்போது சரோஜாம்மாவுக்குப் பதினைந்து வயது. அக்காவின் புருஷனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது, குடும்பம் லொறி ஏறிவிட்டது. "அன்னைக்கு எனக்கு மலையில வேல தம்பி. லீவு கேட்டேன், குடுக்கல. நான் கொழுந்து எடுத்துக்கிட்டு இருக்கேன், கீழ ரோட்டுல அக்காவோட லொறி போகுது. கையக்கூட ஆட்ட முடியல." இப்போது கோத்தகிரியில் அக்காவின் பேத்திக்குக் கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை காலையில் முகூர்த்தம். அக்கா இவர் கல்யாணத்துக்கு வரவில்லை, இவர் அக்கா பிள்ளைகளின் கல்யாணம் ஒன்றுக்கும் போகவில்லை. இதைத் தவறவிடக் கூடாது என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே எண்ணம். வியாழக்கிழமை திருச்சி விமானத்தில் சலுகை டிக்கெட் போட்டேன். மதிப்பாக ஒரு ஆரஞ்சுப் பெட்டியையும் கொடுத்தேன்.

என்ன கொண்டு போகிறீர்கள் என்று கேட்டேன். மணப்பெண்ணுக்குச் சேலை, பித்தளைக் குத்துவிளக்கு, அக்கா போனில் கேட்டுக்கொண்டே இருந்த கித்துள் கருப்பட்டி, அப்புறம் தோட்டத்தில் கடைசியாகக் கொடுத்த தேத்தூள் நாலு கிலோ. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோத்தகிரியில் அக்காவும் ஆயுள் முழுக்க, இந்த வயதிலும், தேயிலை மலையில் வேலை செய்கிறவர்தான். வீட்டு வாசலில் தேயிலை நிற்கிற ஊருக்குத் தேத்தூளா என்றேன்.

"அது அக்கா எடுத்த கொழுந்து. இது நான் எடுத்தது. அக்கா குடிச்சிப் பாக்க வேணாமா?"

ஞாயிற்றுக்கிழமைக்குப் போன வியாழக்கிழமை

பயணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது விமானக் கம்பெனியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வியாழக்கிழமை விமானம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மாலையில் வந்து ஏறிக்கொள்ளுங்கள், அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். அவர்கள் வருத்தத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? ஞாயிறு மாலையில் இங்கே விமானம் ஏறினால் அங்கே கல்யாணப் பந்தலைப் பிரித்திருப்பார்கள். அந்த அம்மாவுக்குப் போன் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. லொறி போன கதை காதிலேயே நின்றது.

இங்கே ஒரு விஷயம் சொல்கிறேன், பயணிகள் குறித்துக்கொள்ளலாம். சலுகை டிக்கெட்டில் நாமாகத் தேதியை மாற்றினால்தான் தண்டம். கம்பெனியே மாற்றினால், வேறு நாள், வேறு ஊர் என்று விடாமல் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். ஆனால் கேட்பதற்கு ஒரு மனிதர் போனை எடுக்க வேண்டுமே! சந்தமாலி காலை ஒன்பதுக்குப் போனைக் காதில் வைத்தார். காத்திருக்கச் சொல்லி ஒரு பியானோ இசை ஓடியது. பத்து மணிக்கும் அதே இசை. போன் காதில் இருக்கும்போதே இரண்டு பாஸ்போர்ட் பாரம் நிரப்பினார், கீழே பேக்கரியில் வாங்கிய பாணும் பருப்பும் சாப்பிட்டார். பன்னிரண்டரைக்கு ஒரு குரல் வந்தது. சந்தமாலி முதலில் கெஞ்சினார், பிறகு சிங்களத்தில் ஏதோ அழுத்திச் சொன்னார். வெள்ளிக்கிழமை பகல், மதுரை விமானம், கூடுதல் கட்டணம் இல்லை! அக்காவின் மகன் வண்டியோடு மதுரைக்கே வந்துவிடுவதாக ஏற்பாடாயிற்று. நான் சந்தமாலியைக் கும்பிட்டேன். என்னைச் சிங்களத்தில் அய்யே, அண்ணன், என்றே கூப்பிடுகிறவர், காதைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"செல்வா அய்யே, அந்த மியூசிக் எனக்கு இப்ப பாடம். மேளக்காரர் வரலன்னா சொல்லச் சொல்லுங்க, நான் போய் வாசிக்கிறேன்."

நிறுவை

முதல் தடவை விமானம் ஏறுகிறவர்களை நானே கட்டுநாயக்க விமான நிலையம் வரை கூட்டிப் போவது வழக்கம். போக மட்டும் வாடகைக்குப் பிடித்த வேனில் ஏறும்போதே கேட்டேன், கம்பெனி அனுமதிக்கிற முப்பது கிலோதானே என்று. "தோட்டத்துத் தராசுலயே நிறுத்தாச்சு தம்பி. கணக்கப்பிள்ளையே பாத்தாரு. சரியா முப்பது" என்றார். தோட்டத்துத் தராசைவிட நம்பிக்கையான சாட்சி வேறென்ன வேண்டும்? நான் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

கவுண்டரில் பெட்டியை ஏற்றினோம். முப்பத்தைந்து என்று காட்டியது. கவுண்டர் மிஸ் ஐந்து கிலோவைக் குறைக்கச் சொன்னார். சரோஜாம்மா அசையவில்லை. நல்ல சிங்களத்தில் அவர் வாதாடியதை நான் இங்கே தமிழில் தருகிறேன். "முப்பத்தஞ்சுல பெட்டி அஞ்சு கிலோ. அதக் கழிங்க மிஸ். சாமான் முப்பதுதான்." பெட்டிக்கெல்லாம் கழிப்பதில்லை என்றார் மிஸ். "அது எப்பிடி? நாங்க கொழுந்து நிறுக்கிறப்ப சாக்குக்குன்னு ரெண்டு கிலோ கழிக்கிறாங்களே, மழை பெஞ்சா ஈரத்துக்கு வேற கழிக்கிறாங்களே? நாப்பது வருஷமா என்கிட்ட கழிச்சிருக்காங்க. ஒருநாள் எனக்காகக் கழிச்சா என்னா?" பின்னால் வரிசை நீண்டது. யாரோ சிரித்தார்கள். கணக்கப்பிள்ளையே ஐந்தைக் கழித்துத்தான் முப்பது சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. லயத்தில் பிறந்த எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டாமா!

குத்துவிளக்கை விட்டுவிடலாம் என்றேன். முடியாது. கருப்பட்டி? அக்கா கேட்டது. தேத்தூள்? அவர் பார்த்த பார்வையே போதும். கூடுதல் எடைக்கு நானே கட்டுகிறேன் என்றேன், அதற்கும் மறுத்துவிட்டார். விமானத்துக்கு நேரமோ போய்க்கொண்டிருந்தது. பிறகு சரோஜாம்மா வரிசையை விட்டு விலகி, அந்த ஆரஞ்சுப் பெட்டியைத் தரையில் திறந்தார். திரும்பி வரும்போது சாமான் போட்டுக்கொள்ள, நன்றாகக் கழுவி மடித்த ஓர் உரச்சாக்கு அடியில் இருந்தது. உதறினார். விளக்கைச் சேலைக்குள் சுற்றி நடுவில் வைத்தார், சுற்றிலும் கருப்பட்டி, மேலே தேத்தூள். கொழுந்தை அமுக்கிக் கட்டிப் பழகிய கைக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. மூட்டையைப் பிளாஸ்டிக் சுற்றுகிற இடத்தில் கொடுத்துச் சுற்றிக்கொண்டு வந்து தராசில் வைத்தோம். முப்பதுக்குக் கொஞ்சம் குறைவாகவே காட்டியது. கவுண்டர் மிஸ்ஸே சிரித்துவிட்டார். கையில் காலிப் பெட்டியோடு நின்ற என்னைப் பார்த்து சரோஜாம்மா சொன்னார்:

"அவங்க கழிக்க மாட்டோம்னாங்க. சரி, நானே கழிச்சிட்டேன்."

கோத்தகிரி டீ

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ அழைப்பு வந்தது. பின்னால் மேளச் சத்தம். திரையில் இரண்டு பெண்கள், ஒரே மூக்கு, ஒரே சிரிப்பு, ஒருவர் தோளில் ஒருவர் கை. சொல்ல வெட்கமில்லை, எனக்கு அழுகை வந்துவிட்டது. லொறி போன அன்று ஆட்டாத கையை சரோஜாம்மா அன்று எனக்கு ஆட்டிக் காட்டினார். பாக்கியம் அம்மா போனை வாங்கிக் கேட்ட முதல் கேள்வி: "என் தங்கச்சிய மூட்டையும் கையுமா பிளேன் ஏத்தி விட்ட தம்பி நீங்கதானா?"

ஒரு மாதம் கழித்து, சரோஜாம்மா மாடியேறி வந்து என் மேசைமேல் ஒரு பொட்டலம் வைத்தார். கோத்தகிரித் தேத்தூள், அக்கா எடுத்த கொழுந்து. கல்யாண வீட்டில் முதல் நாளே இவருடைய தேத்தூளில் டீ போட்டு, கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தார்களாம். அங்கேயும் சாக்குக்குக் கழிப்பார்களாம். கடலுக்கு இந்தப் பக்கம் தங்கையிடமும் அந்தப் பக்கம் அக்காவிடமும் ஆயுள் பூராவும் கழித்தது எத்தனை கிலோ வரும் என்று இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டு, முடியாமல் சிரித்தார்களாம். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் நிற்கவில்லை. சந்தமாலி ஓடிப்போய்க் கீழே வெந்நீர் வாங்கி வந்தார். குடித்துப் பார்த்தேன். இரண்டில் எது நல்ல டீ என்று தீர்ப்புச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

வாசலில் மிச்சமிருந்த பெட்டிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போகிறபோது திரும்பி நின்று சொன்னார்:

"சித்திரைக்கு அக்கா இங்க வர்றாங்க தம்பி. ஒரு டிக்கெட் பாருங்க. பெட்டி மட்டும் வேணாம்."

இத்தனை வருடத்தில் இந்தத் தொழிலில் நான் படித்தது இதுதான்: இலவசமாகக் கொடுக்கிற எல்லாவற்றுக்கும் எடை உண்டு, கடைசியில் அதைத் தெரணியகலை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருகிறவன் டிக்கெட் போட்டவன்தான்.