மாமாவுக்குக் கலர் சொன்ன கதை

என் தாய்மாமா கார்களைத் திட்டுவதைக் கேட்கவே ஆட்கள் வருவார்கள். மாமல்லபுரத்துக்கு வெளியே ஈசிஆர் ஓரத்தில் ஒரு ஒர்க் ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தார். புது வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, முகம் தொங்கிப்போய்த் திரும்புவார்கள். ஒரு வண்டி அவருக்குத் தகர டப்பா. இன்னொன்று கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த கோட்டு, பார்க்க ஜோராக இருக்கும், கையைத் தூக்கினால் கிழியும். அப்படித் திட்டுகிற மனிதர், ஓடுகிற எஞ்சின் மேல் மூடிய பானட்டில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. உலகத்திலேயே பெரிய அறிவாளி அவர்தான் என்பது என் முடிவு. அந்த முடிவை இன்றுவரை நான் பெரிதாக மாற்றிக்கொள்ளவில்லை.

அவருக்கு ஜென்ம விரோதி லைட் எரிகிற சாமான்கள். புது கார்களின் டேஷ்போர்டைப் பார்த்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். "இது வண்டியா, மாதா கோயில் திருவிழாவா? எஞ்சின் சூடானா மூக்கு சொல்லும். அதுக்கு இன்னாத்துக்கு ஒரு லைட்டு?" என்பார். அப்பா அணுபுரம் குடியிருப்பில் எலெக்ட்ரீஷியன். ஆசை ஆசையாக எதையாவது வாங்கி வருவார். இன்வெர்ட்டர் வந்தது. கரண்ட் இருந்தால் பச்சை, போனால் சிவப்பு என்று அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லைட். மாமா அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இதைக் கண்டுபிடித்தவனுக்கு வீட்டில் வேறு வேலையே கிடையாதா என்று விசாரித்தார். அப்பா கடுகடுவென்று வெளியே போய்விட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா எங்களோடுதான் இருந்தார் என்பதால் இந்தச் சண்டைக்கு லீவே கிடையாது.

மாமா மரியாதை கொடுத்த ஒரே சாமான் எங்கள் வீட்டுப் பீங்கான் ஜாடி. கிறிஸ்துமஸ் ஒயினை அதில்தான் போடுவார். நவம்பர் கடைசியில் கருப்புத் திராட்சையைக் கையால் பிசைந்து, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, கொஞ்சம் ஈஸ்ட் சேர்த்து, பழைய வேட்டித் துணியால் ஜாடியின் வாயைக் கட்டுவார். தினமும் காலையில் மரக்கரண்டியால் ஒரே பக்கமாகக் கிளறிவிட்டு, ஜாடியில் காதை வைத்து, உள்ளே நுரைக்கிற சத்தத்தைக் கேட்பார். கடையில் விற்கிற ஒயினைப் பற்றிக் கேட்டால், பாட்டில் நல்லாக் கீது, கழுவி எண்ணெய் ஊத்தி வைக்கலாம் என்பார்.

இருபத்தோராம் நாள் வடிகட்டுவார். அன்றைக்குத்தான் எனக்கு வேலை. வடித்த ஒயினுக்கு நிறம் ஏற, கருக்கிய சர்க்கரைப் பாகைக் கரண்டி கரண்டியாகச் சேர்ப்பார். ஒவ்வொரு கரண்டிக்கும் ஒருமுறை, கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். "சொல்லு பாப்பா, இன்னா கலரு?" ரோஸ் என்றால் இன்னொரு கரண்டி. மாதுளம்பழம் என்று நான் சொன்னதும் பாகுச் சட்டியை மூடிவிடுவார். கலர் பார்க்கிறது சின்னப் பிள்ளைகள் வேலை, பெரியவங்களுக்கு நாக்குதான் என்று சொல்லியிருந்தார். நானும் நம்பினேன்.

ரிப்பேர் முடிந்த கார்களை ஓட்டிப் பார்க்கும்போதும் என்னை முன்சீட்டில் உட்காரவைத்துச் செங்கல்பட்டு வரை கூட்டிப்போவார். அவரைப் போல அலுங்காமல் வண்டி ஓட்டுகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை. சிக்னலில் எதிர்வெயில் கண்ணில் அடித்தால் மட்டும், "சிக்னல் இன்னா சொல்லுது?" என்று கேட்பார். பச்சை என்பேன், கிளம்புவார். எனக்கு வைக்கிற பரீட்சை என்று நினைத்தேன். ஒருமுறைகூட நான் ஃபெயில் ஆனதில்லை.

அந்த வருஷம் கடற்கரை ஓட்டல் ஒன்றில் டிரைவர் வேலைக்கு ஆள் தேடினார்கள். ஓட்டல் மேனேஜர் தன் சொந்தக் காரை மாமாவைத் தவிர யாரையும் தொடவிடமாட்டார். நீயே வந்துவிடு என்று கூப்பிட்டிருந்தார். வெள்ளை யூனிஃபார்ம், மாதச் சம்பளம். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் யூனிஃபார்ம் போட்டு வேலைக்குப் போனதில்லை. அச்சரப்பாக்கத்தில் ஒரு பெண் வீட்டார், இந்த வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சை எடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா தினமும் ஜெபத்தில் தன் தம்பிக்கு அந்த வேலையைக் கேட்டாள். மாமா அந்த ஓட்டலின் கார்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்லவில்லை. எப்படி இருக்கு மாமா என்று நான் கேட்டபோது, "பரவால்ல" என்றார். அவருக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டியிருந்தது என்று அதிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் மேனேஜர் சாப்பிட வந்தார். பிரியாணி முடிந்து, மாமா ஒயினைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். மேனேஜர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, என்ன கலர், கடையில்கூட இப்படிக் கிடைக்காது என்று மெச்சினார். மாமா அடக்கமாகச் சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. என் வேலைக்கு அவர் பேர் வாங்குவதா?

"கலர் நான்தான் சொன்னேன்" என்றேன். "மாமா எப்பவும் என்னத்தான் கேக்கும். சிக்னல்லகூட நான்தான் பச்சையா செவப்பான்னு சொல்லுவேன்."

அப்பா குனிந்து தன் தட்டைப் பார்த்தார். அம்மா என் தோளைப் பிடித்தாள். மேனேஜர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். வாசலில் அம்மா உள்ளே பல்பு வைத்த காகித நட்சத்திரம் இரண்டு கட்டியிருந்தாள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை.

"தம்பி, அந்த ஸ்டார் ரெண்டுல பச்சை எது?" என்று மேனேஜர் மாமாவைக் கேட்டார்.

மாமா திரும்பிப் பார்த்தார். எதையும் கேட்டு, தொட்டு, மோந்து சொல்லிவிடுகிற மனிதர், ஒரு பொருளை அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. இது தெரியாதா என்று நான் வாயைத் திறக்கப் போனேன். அம்மாவின் நகம் தோளில் பதிந்தது.

"ரெண்டும் கரண்டு தின்னுது சார். எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்" என்றார் மாமா.

மேனேஜர் சிரித்தார். மீதி ஒயினைக் குடித்தார், அம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்த கேக்கை வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர்தான். பொங்கல் கழிந்தும் ஓட்டலிலிருந்து ஆள் வரவில்லை. அச்சரப்பாக்கத்துப் பேச்சும் அதோடு நின்றது. அப்பா மட்டும் இன்வெர்ட்டரின் பச்சை லைட்டுக்குப் பக்கத்தில் கருப்பு மையால் ஒரு கோடு போட்டார். எதற்கு என்று கேட்டேன், சும்மா என்றார். மாமா அதற்குப் பிறகும் இன்வெர்ட்டரைத் திட்டினார், அப்பாதான் கோபித்துக்கொள்ளவில்லை.

எட்டாம் வகுப்பில் டீச்சர் ஒரு படத்தைக் காட்டினார். வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு எண். சிலருடைய கண்ணுக்கு அது தெரியாது, சிவப்பும் பச்சையும் அவர்களுக்கு ஒன்றுபோல இருக்கும் என்றார். எனக்கு எண் உடனே தெரிந்தது. அந்த பெஞ்சிலேயே அழுதேன். காரணம் கேட்டவர்களிடம் வயிற்றுவலி என்றேன். மாமா இப்போது சொந்தமாக ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார். பிறகு அவரைக் கட்டிக்கொண்டு வந்த அத்தைதான் அவருக்குக் கலர் சொல்கிறாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் மாமா கிணற்றடியில் ஜாடியைக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா என்னிடம் பேசவில்லை என்பதால் எனக்குச் சந்தேகம். பக்கத்தில் போய் நின்று, நான் தப்பாச் சொல்லிட்டனா மாமா என்று கேட்டேன். அவர் ஜாடிக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை.

"தப்பா இன்னா சொன்ன? மாதுளம்பழம்தான? கரெக்டாத்தான் சொன்ன."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும், என் மாமாவுக்கு வேலை கொடுக்க வந்த பெரிய ஆபீசரிடம் நான்தான் பேசினேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.