விசில் ஊதிய பிறகு

எண்பதுகளின் தொடக்கத்தில் ராசிபுரத்துக்குக் கபடி பார்க்கப் போயிருந்தேன். அகன்ற தோளும் ஒடிந்து கூடியதுபோல் கோணலான விரல்களும் கொண்ட ஒருவர், கால் விளங்காத இன்னொருவரை முதுகில் சுமந்து வந்து என் பக்கத்தில் இறக்கினார். சுமந்து வந்தவர் ஓர் ஆலை அணிக்குச் சம்பளத்துக்கு ஆடியவர் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள்.

"உங்க தம்பிங்களா?" என்று அவரிடம் கேட்டேன்.

சுமக்கப்பட்டவர் சிரித்தார். "இல்லீங்க, நான் எதிர் டீமு. இவரு தூக்கிப் போட்டதுலதான் இடுப்பு ஒடஞ்சு காலு ரெண்டும் போச்சு. ஆட்டம்னா அப்பிடித்தானுங்களே. எந்த ஊர்ல ஆட்டம்னாலும் என்னையத் தூக்கியாந்துருவாரு."

இடைவேளையில் நானும் சுமந்து வந்தவரும் டீ வாங்கப் போனோம்.

"அவரே மனசுல வெச்சுக்கலைங்களே," என்றேன் ஆறுதலாக.

"விசில் ஊதுன பொறவுதானுங்க தூக்கிப் போட்டேன். கூட்டத்து எரைச்சல்ல அவனுக்குக் கேக்கலை. எனக்குக் கேட்டுச்சுங்க."

"சொல்லிடலாமேங்க?"

"சொன்னா, அப்பறம் என் முதுகுல ஏறுவானாங்க?"

அவர் டீயோடு கால் விளங்காதவரிடம் திரும்பிப் போனார்.

ஆட்டம் முடிந்ததும் அவர் குனிந்தார். முதுகில் ஏறிக்கொண்டவர் என்னைப் பார்த்து, "வாரேனுங்க" என்று கையாட்டினார். அந்தச் சிரித்த முகத்தைப் பார்க்க எனக்குத்தான் கூசியது.