முட்டி தேய்ந்த கால்சட்டைகள்

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் அக்கா. முதலில் அப்படிக் கூப்பிட்டது மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நம் மொழிக்காரப் பெண். அதைக் கேட்ட மற்றவர்கள் அதுதான் அவளுடைய பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். மாடி வீட்டுக் கிழவர், அவளுக்கு அப்பா வயது, கோட்டுக்குப் பித்தான் வைக்க வந்தால் வாசலில் நின்று மரியாதையாக "அக்கா" என்பார். அவள் திருத்தவில்லை. திருத்துகிற அளவுக்கு அந்த ஊர்ப் பேச்சு அவளிடம் இல்லை. அவளிடம் இருந்ததெல்லாம் தையல் மேசைக்கு வேண்டிய பேச்சு. நீளம், இடுப்பு, கொஞ்சம் தளர்வா, ஜிப் போயிருச்சு, நாளைக்கு வாங்க. இதை வைத்துக்கொண்டே அவள் அந்தத் தெருவில் கடை நடத்தி, வாடகை கொடுத்து, ஒரு பெண்ணையும் பெற்று வளர்த்துவிட்டாள்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது நான்கு வயது. வீட்டில் எல்லாரும் வாண்டு என்பார்கள். வாண்டை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதுதான் அந்த வாரம் முழுக்க அக்காவின் தலைக்குள் ஓடிய தையல் மெஷின்.

பள்ளி இரண்டு. ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். பெயர்கள் வேறு, ஆனால் அக்காவுக்குச் சீருடை நிறந்தான் பெயர். மஞ்சள் தனியார் நர்சரி, பெரிய சாலைக்கு அந்தப் பக்கம். நீலம் தெருக்கோடியில் இருக்கும் அரசாங்கப் பள்ளி. மஞ்சளில் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார்கள், வெள்ளிக்கிழமை மாலைக்குள் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும். நீலத்திலும் பெயர் கொடுக்க அதே வெள்ளிக்கிழமைதான் கடைசி. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி.

இரண்டு சீருடையும் அவள் கடைக்குத்தான் வரும். மஞ்சள் சட்டைகள் வந்தால் வேலை சுலபம். பிள்ளை வளர்ந்திருக்கும், மடிப்பைப் பிரித்துக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும். துணி புதிதாகவே இருக்கும், ஒரு கறை இருக்காது. நீலம் அப்படியில்லை. கழுத்துப்பட்டையைக் கடித்து வைத்திருப்பார்கள், பாக்கெட் தொங்கும். அதைவிட, முட்டி. ஆண்பிள்ளை பெண்பிள்ளை எல்லாருக்கும் அங்கே கால்சட்டைதான், வருகிற எல்லாக் கால்சட்டையிலும் முட்டி போயிருக்கும்.

முட்டி போவது எப்படி என்று அக்காவுக்குத் தெரியும். பிள்ளை விழுந்தால் ஒரு முட்டிதான் போகும், குறுக்காகக் கிழியும். நீலத்தில் இரண்டு முட்டியும் ஒன்றுபோல வட்டமாகத் தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடை மாதிரி தெரியும். இது விழுந்து வந்த தேய்வு இல்லை. முட்டி போட்டு வந்தது.

அவள் ஏழாவது வரை படித்தவள். அந்த ஏழு வருஷத்தில் பாதி நாள் வகுப்பில் இருந்தாள், மீதி நாள் வகுப்புக்கு வெளியே சுவரைப் பார்த்து, கையைத் தூக்கிக்கொண்டு முட்டியில் நின்றாள். தாமதமாக வந்ததற்கு, சிரித்ததற்கு, பென்சில் இல்லாததற்கு. வீட்டில் சொன்னதில்லை. சொன்னால், நீ என்ன செஞ்சே என்றுதான் கேட்பார்கள். எட்டாவதுக்குப் போகமாட்டேன் என்று அவள் சொன்னபோது எல்லாரும் அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்றார்கள். ஏறியதா இல்லையா என்று அவளுக்கே இன்றைக்கு வரை தெரியாது.

அதனால்தான் நீலப் பள்ளித் தாய்மார்களிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. பிள்ளை தண்டனை வாங்குகிறதா என்று எந்தத் தாயிடம் கேட்பது? கேட்டாலும் யார் ஆமாம் என்பார்கள்? ஒட்டுத்துணி வைத்துத் தைத்து, மடித்துக் கொடுத்துவிடுவாள். வாண்டுக்கு மஞ்சள்தான் என்று மனசுக்குள் கத்தரித்தும் வைத்துவிட்டாள்.

கத்தரித்ததைக் கலைத்தவர் அவள் புருஷன். அவர் டாக்ஸி ஓட்டுபவர். ஏறுகிறவர்களிடமெல்லாம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்பார், இறங்குகிறவர் சொன்னதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவார்.

திங்கட்கிழமை சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். "நீலமே நல்லதும்மா. நாலு விதமான பிள்ளைங்களோட பழகணும். அதுதான் படிப்பு."

"நேத்து மஞ்சள்னு சொன்னீங்களே?"

"நேத்து ஏறினது பல் டாக்டர். இன்னைக்குப் பேராசிரியர்."

"பேராசிரியர் தன் பிள்ளையை எங்க போட்டிருக்காராம்?"

அவர் சோற்றைப் பிசைந்தார். "அதைக் கேக்கறதுக்குள்ள இறங்கிட்டார்."

செவ்வாய்க்கிழமை ஒருவர், பள்ளிக்கூடமே தப்பு, தன் பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னாராம்.

"அவரை எங்க இறக்கி விட்டீங்க?"

"ஏர்போர்ட்ல."

"நல்லதாப் போச்சு," என்றாள் அக்கா.

சிரித்தாலும் உள்ளுக்குள் கலங்கித்தான் இருந்தாள். அவராவது தினம் ஒரு பக்கம் நிற்கிறார். அவளோ ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் நின்றாள். முட்டி விஷயத்தை அவரிடமும் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில், பள்ளியில் தான் எங்கே நின்றாள் என்பதைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டு வாண்டைக் கூட்டிக்கொண்டு மஞ்சள் பள்ளியைப் பார்க்கப் போனாள். பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. சின்னச் சின்ன நாற்காலி, சின்னச் சின்ன மேசை. வாண்டு வயதுப் பிள்ளைகள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து நூறு வரை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஊசி விழுந்தால் கேட்கும். வாண்டு அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டாள்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் நம் மொழிக்காரி. அவர்தான் சுற்றிக் காட்டினார். அக்கா ஒரு பிள்ளையின் சட்டை விளிம்பைத் தொழில் பழக்கத்தில் தொட்டுப் பார்த்தாள்.

"உங்க பிள்ளைங்க துணி எப்படிங்க இவ்வளவு சுத்தமா இருக்கு? நான்தான் தைக்கறேன். ஒரு கிழிசல் பார்த்ததில்லை."

"எப்படிக் கிழியும்? விளையாட விடறதுக்கு முன்னாடி மாத்தி விட்டுடுவோம்ல," என்று அந்த அம்மாள் ஓர் அலமாரியைத் திறந்தார். உள்ளே பழைய பனியன்களும் டிரவுசர்களும் பந்து பந்தாகத் திணித்துக் கிடந்தன. எல்லாம் சேறும் கிழிசலும். "வீட்டுத் துணி. பின்னாடி மண்ணுல உருண்டுட்டு வருவாங்க, மறுபடி சீருடையை மாட்டி அனுப்புவோம். அம்மாமாருக்கு நல்லா இருக்கணும் பாருங்க."

அக்கா அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை காலம் அவள் தைத்த மஞ்சள் துணி அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. இங்கேயும் உருளுகிறார்கள், கிழிக்கிறார்கள், ஒருவேளை அடித்தும் கொள்கிறார்கள். அது நல்லதா கெட்டதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. தான் நம்பியதற்கு அடியில் ஒன்றுமில்லை என்பது மட்டும் தெரிந்தது.

திரும்பி நடக்கும்போதுதான் அடுத்த சந்தேகம் வந்தது. மஞ்சள் சொன்னது பொய்யென்றால் நீலம் சொன்னது மட்டும் நிஜமா?

வெள்ளிக்கிழமை காலையில் புருஷன் வண்டியைத் தெருக்கோடியில் நிறுத்தினார். "நான் வண்டியிலேயே இருக்கேன், இங்க நிறுத்தக் கூடாது. நீ பார்த்துட்டு வா. பிடிக்கலைன்னா நேரா மஞ்சளுக்குப் போயிடலாம்."

நீலப் பள்ளியின் பாலர் வகுப்பில் ஊசி விழுந்தால் அல்ல, உலக்கை விழுந்தாலும் கேட்காது. ஐந்தாறு மொழியில் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளை ஓரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். தரை நிறைய மரக்கட்டைகளும் பெரிய காகிதங்களும். பிள்ளைகள் அதற்கு நடுவே நாலு காலில் தவழ்ந்து எதையோ கட்டிக்கொண்டும் இடித்துக்கொண்டும் இருந்தார்கள். ஒருத்தரும் நூறு வரை எழுதவில்லை. டீச்சர் என்று யாரையும் காணோம். அப்புறம்தான் தெரிந்தது, மேசைக்கு அடியில் தவழ்ந்து வந்த உயரமான பெண்தான் டீச்சர்.

முட்டி எப்படித் தேய்கிறது என்பது கண்ணுக்கு எதிரில் இருந்தது. ஆனால் கண்ணை நம்பி ஏமாந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இது ஆள் பார்க்க வரும் நேரத்துக்காக நடத்திக் காட்டும் வகுப்பாக இருக்கலாம். குறும்பு செய்கிற பிள்ளைக்கு என்ன நடக்கும்? அதைத்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு அவளிடம் இருந்தது நீளமும் இடுப்பும் ஜிப்பும். "முட்டி" என்பதற்குச் சொல் இருந்தது, அளவெடுக்கிற சொல். அதைச் சொன்னாள். டீச்சர் தன் முட்டியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

அக்காவுக்கு வேறு வழி தெரியவில்லை. கைப்பையைக் கீழே வைத்தாள். சுவருக்கு நேராகப் போய் முட்டி போட்டாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். உடம்புக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, முதுகு எப்படி நிமிர வேண்டும், முழங்கை எங்கே ஒட்ட வேண்டும் என்பது வரை. கழுத்தைத் திருப்பி டீச்சரைப் பார்த்து, பிள்ளைகளைக் காட்டி, "இவங்களை? இப்படி?" என்று தன் மொழியிலேயே கேட்டாள்.

அறையில் சத்தம் குறைந்தது. கட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பயல் எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, கையைத் தூக்கினான். அவனுக்குப் பக்கத்தில் இரட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி. பிறகு மளமளவென்று வகுப்பே வந்து சுவர் ஓரமாக வரிசை கட்டிவிட்டது. யார் கை உயரம் என்று போட்டி வேறு. கதவருகே விரல் சூப்பிக்கொண்டு நின்ற வாண்டு ஓடிவந்து, இரட்டைப் பின்னலுக்கும் அம்மாவுக்கும் நடுவில் புகுந்து முட்டி போட்டாள். அந்த வாரத்தில் அவள் முதல்முறையாக வீட்டுக்கு வெளியே வாய்விட்டுச் சிரித்தாள்.

டீச்சரும் சிரிக்கத் தொடங்கியவள்தான். அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். எதிரில் வந்து உட்கார்ந்து, தூக்கியிருந்த கைகளைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள். நீளமாக ஏதோ சொன்னாள். அதில் "இல்லை" என்ற சொல் இரண்டு முறை வந்தது, அது அக்காவுக்குப் புரிந்தது. மீதி புரியவில்லை. இங்கே இல்லை என்றாளா? சின்னப் பிள்ளைகளுக்கு இல்லை, பெரிய வகுப்பில் உண்டு என்றாளா? பிள்ளைகள் சிரித்ததை வைத்து, அவர்களுக்கு இது என்னவென்றே தெரியாது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பிள்ளைகள் எதைத்தான் விளையாட்டாக்க மாட்டார்கள்?

இதற்கெல்லாம் விடை இல்லாமலேதான் அவள் அலுவலக ஜன்னலில் போய் வாண்டின் பெயரைக் கொடுத்தாள்.

வண்டியில் ஏறியதும் புருஷன் கேட்டார். "எப்படி இருக்கு?"

"ஒரே இரைச்சல்."

"எழுதப் படிக்கச் சொல்லித் தராங்களா?"

"நான் பார்க்கும்போது இல்லைங்க."

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "அப்ப ஏன் பேர் குடுத்தே?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது வாண்டு கூடத்துச் சுவரைப் பார்த்து முட்டி போட்டு, கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். "அப்பா, நீயும் வா. ஸ்கூல்ல எல்லாரும் இப்படித்தான்."

அவர் முகம் மாறிவிட்டது. சாவியை மேசையில் வைக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு, "சேர்றதுக்கு முன்னாடியே முட்டி போட வச்சுட்டாங்களா?" என்றார்.

"அவங்க வைக்கலை. நான்தான் போட்டேன். பார்த்துட்டு எல்லாரும் போட்டாங்க."

"நீ எதுக்குப் போட்டே?"

அக்கா சொன்னாள். முட்டி தேய்ந்த கால்சட்டைகளில் ஆரம்பித்து, பின்னால் போய், பென்சில் இல்லாத நாள் வரைக்கும் சொன்னாள். நின்றுகொண்டு கேட்டவர் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தார்.

"என்கிட்ட சொன்னதே இல்லையே."

"படிப்பு ஏறலைன்னுதானே எல்லாருக்கும் தெரியும். அதுவே போதும்னு விட்டுட்டேன்."

அவர், தன் டாக்ஸியில் யார் ஏறியிருந்தாலும் இதற்கு ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதுபோலத் தலையை ஆட்டினார். "இப்ப அங்க ஒரு வகுப்புக்கே முட்டி போடக் கத்துக் குடுத்துட்டு வந்திருக்கே."

"அதுதாங்க எனக்கும் பயமா இருக்கு," என்றாள் அக்கா.

அப்போது அவர் போன் அடித்தது. மஞ்சள் பள்ளியிலிருந்து. அவர் காதில் வைத்து, "ஆமாங்க, அவளோட அப்பாதான்" என்று அந்த ஊர்ப் பேச்சில் சொல்லிவிட்டு, போனைக் கையால் மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"இடம் இன்னும் இருக்காம். என்ன சொல்றது?"

"வரலைன்னு சொல்லிடுங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமெல்லாம் இல்லை. சொல்லிடுங்க."

அவர் சொன்னார்.