சித்தி கொடுத்த இரத்தம்

எண்பதுகளின் நடுவில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், என் சித்தியின் இடக்கைத் தோலுக்கடியில் ஆறு மெல்லிய குழாய்கள் இருந்தன. விசிறி விரித்தாற்போல அவை புடைத்துத் தெரியும். மூன்றாவது பிரசவத்தில் செத்துப் பிழைத்தவர் சித்தி. இதை வைத்துக்கொண்டால் ஐந்து வருடத்துக்குப் பிள்ளை உண்டாகாது, வேண்டாமென்றால் எப்போதும் எடுத்துவிடலாம் என்று தோட்ட ஆஸ்பத்திரியில் சொன்னபோது, முதல் ஆளாகக் கையை நீட்டியவர் அவர்தான்.

மாதாமாதம் கொழும்பிலிருந்து ஒரு வேன் வரும். குழாய்களிலிருந்து கசியும் மருந்து உடம்பில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க, குழாய் வைத்துக்கொண்ட பெண்களிடம் இரத்தம் எடுத்துப் போவார்கள். கொடுத்துவிட்டு அவர்கள் கொழுந்து பறிக்க மலையேறுவார்கள். கொஞ்ச காலத்திலேயே சித்திக்கு மாதவிலக்கு நிற்காமல் தொடர ஆரம்பித்தது. முதுகில் கூடையும் இடுப்பில் நனைந்த துணியுமாக மழையில் நிற்பார். சில நாள் மலையிலேயே மயங்கி விழுவார். அந்த வருடத் திருவிழாவில் மாரியம்மன் தேர் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசலுக்கு வந்தபோது, தீட்டோடு சாமி முன்னால் வரக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். மேளச் சத்தம் தேய்ந்த பிறகு அவர் அழுவது கேட்டது.

அடுத்த முறை வேன் வந்தபோது, அவரைப் பிடித்துக்கொள்ள நானும் கூடப் போனேன். குழாய்களை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டார். கொழும்பு டாக்டரம்மா சிங்களத்தில் சொன்னதைத் தோட்டத்து டாக்டர் ஐயா தமிழில் சொன்னார்.

"ஒன் ரத்தத்துல மருந்து சரியான அளவுல இருக்காம். நல்லா வேலை செய்யுதாம். இன்னும் கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கச் சொல்றாங்க."

"மருந்து நல்லா இருக்குங்க. நான் நல்லா இல்லையே," என்றார் சித்தி.

ஐயா அதைச் சிங்களத்தில் சொல்லவில்லை. ஊசியோடு நர்ஸ் வந்ததும் சித்தி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"இத எடுத்தாத்தான் இனி ரத்தம் குடுப்பேன்னு சொல்லுங்கய்யா."

இதை மட்டும் ஐயா சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. டாக்டரம்மா முதன்முறையாகச் சித்தியின் முகத்தைப் பார்த்தார். அன்று சித்தியின் இரத்தம் இல்லாமல்தான் போனார்கள். அதற்கடுத்த மாதமும் அப்படியே. பிறகுதான் குழாய்களை எடுத்தார்கள்.

எடுத்த பின்னும் வந்தார்கள். மருந்து இரத்தத்தை விட்டு எப்போது போகிறது என்று பார்க்க வேண்டுமாம். சொன்ன சொல் மாறாமல் சித்தி கையை நீட்டினார். அத்தனை முறை எடுத்துப் போனவர்களில் ஒருவருக்கும், சோகையால் வெளுத்துப் போயிருந்த அந்தப் பெண்ணுக்கு ஒரு சத்து மாத்திரை கொடுக்கத் தோன்றவில்லை. அவர்கள் தேடியது மருந்தைத்தான். பழையபடி மலையேற உடம்பு இடங்கொடுக்காமல், சித்தி பிள்ளைக் காம்பராவில் குழந்தை பார்க்கும் வேலைக்குப் போனார்.

போன வருடம், சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க அவரை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இரத்தம் எடுக்க வந்த சின்னப் பெண்ணிடம் சித்தி கேட்டார்:

"இது எனக்காகப் பாக்குறீங்களா, இல்ல ஒங்களுக்காகவா?"

அந்தப் பெண் சிரித்தாள். சித்தி சிரிக்கவில்லை. பதில் வரும்வரை கையை நீட்டவும் இல்லை.