வட்டம் வெட்டாத இயந்திரம்

2011இல் எங்கள் வீட்டுப் பின்னறையில் நான் ஒரு சிஎன்சி ரூட்டர் செய்துகொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால், பலகையை அதே கோட்டில் வெட்டித் தருகிற இயந்திரம். எதற்கு என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. என்னால் முடியுமா என்று பார்க்கத்தான்.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் எனக்கு உதவியாளர் வேலை. கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ். மடியில் நோட்டை விரித்து, ஆலப்பாக்கம் வருவதற்குள் ஒரு படம் போட்டு, புதுச்சத்திரத்தில் அதைக் கோடு போட்டு அடித்திருப்பேன். பழைய பிரின்டர்களிலிருந்து கழற்றிய மோட்டார்கள், மேசை டிராயருக்குப் போடும் சேனல்கள், மரச் சட்டம் என்று எட்டு மாதத்தில் இயந்திரம் எழுந்து நின்றது. நேர்க்கோடு அழகாக வெட்டியது. வட்டம்தான் வரவில்லை.

பார்வைக்கு வட்டம்தான். ஆனால் வெட்டி எடுத்த வில்லையை அதே அளவுக்கு வெட்டிய ஓட்டையில் போட்டால் ஒரு வாக்கில் உட்காரும். கால் சுற்று திருப்பிப் போட்டால் இடிக்கும். மூன்று வாரம் சாஃப்ட்வேரில் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். வில்லைகள்தான் குவிந்தன.

என் கணவர் கட்டட மேஸ்திரி. ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போது ஒரு வில்லையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“ஃப்ரேம மூலைக்கு மூலை டேப் புடிச்சுப் பாத்தியா? சதுரம் கோணி இருந்தா இப்பிடித்தான் இழுக்கும்.”

“இது கம்ப்யூட்டர் வெஷயம் மாமா. செவுரு எழுப்புற மாதிரி இல்ல.”

அவர் வில்லையை வைத்துவிட்டுப் போனார்.

அன்று எனக்கு விடுமுறை. வண்டிச் சத்தம் தேயும்வரை காத்திருந்து டேப்பை எடுத்தேன். ஒரு மூலைக்கும் எதிர்மூலைக்கும் எண்பத்தைந்து சென்டிமீட்டர். மற்ற இரண்டு மூலைகளுக்கு நடுவே அதைவிடப் பன்னிரண்டு மில்லிமீட்டர் கூடுதல். போல்ட்டுகளைத் தளர்த்தி, ஓட்டைகளை அரத்தால் ராவி, சட்டத்தை நேராக்கி முறுக்கினேன். அடுத்து வெட்டிய வில்லை எப்படித் திருப்பிப் போட்டாலும் ‘டக்’கென்று உட்கார்ந்தது.

மாலையில் வந்தவர் அதைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “எப்பிடி வந்துச்சு?”

“சாஃப்ட்வேர்ல ஒரு நம்பர் தப்பா இருந்துச்சு.”

வாயில் அப்படி வந்துவிட்டது. ஆய்வகத்தில் நான் ஒயர் எடுத்துக் கொடுப்பவள். விளக்கிச் சொல்வது வேறொருவர் வேலை. இந்த ஒன்றிலாவது தெரிந்தவள் நானாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அதற்காக அவர் சொன்னதையே மறைத்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

அடுத்த மாதம் அண்ணாகிராமத்தில் நாத்தனார் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் என் கணவர் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “மூணு வாரம் ரவுண்டே வரல. கடைசில நம்பர்ல இருந்த தப்ப எங்க வீட்டுல அவுங்களே கண்டுபுடிச்சாங்க. நான் கூட ஃப்ரேம்தான் கோணியிருக்குன்னு ஏதோ ஒளறினேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். பாயசம் ஊற்ற வந்தவரிடம் நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

திரும்பி வரும்போது நெல்லிக்குப்பத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். அவர் வண்டியை அணைத்தார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“மாமா, நம்பர் தப்பு இல்ல. நீங்க சொன்னதுதான். ஃப்ரேம் கோணியிருந்துச்சு.”

ரயில் வந்து போனது. கேட் ஏறும்போதுதான் அவர் பேசினார்.

“நான் சொன்னேன்னு சொல்லியிருந்தா நீ கொறஞ்சா போயிருப்ப?”

பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. கொஞ்ச தூரம் போன பிறகு, “எத்தன மில்லி?” என்றார்.

“பன்னண்டு.”

“ரெண்டடி ஃப்ரேம்லயா! எங்க வேலையில அப்பிடி விட்டா செவுத்த இடிக்கச் சொல்லிருவாங்க.” அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் பட்டு வேட்டியைக்கூட மாற்றாமல் பின்னறைக்குப் போனார். டேப்பின் ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லி, இரண்டு வாக்கிலும் அளந்தார்.

“இன்னும் ஒரு மில்லி இருக்கு.”

“ஒரு மில்லி பரவால்ல மாமா.”

“என்னால அப்பிடி விட முடியாது. ஸ்பேனரக் கொண்டா.”

கொண்டுபோய்க் கொடுத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தவர், சட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, எந்த போல்ட்டை முதலில் தளர்த்த வேண்டும் என்று என்னைக் கேட்டார்.