க. சாந்தி மேல் ஒரு துடைப்ப வழக்கு

எல்லையம்மனைக் கும்பிடும் அக்கா தங்கைகளுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும், நெமிலிச்சேரி மூன்றாவது தெரு சாந்தி எழுதுவது. ஆடித் திருவிழா மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி கோயில் கமிட்டியில் கேட்டார்கள். "நல்லபடியா, படிக்கிறவங்க மனசுக்கு இதமா எழுதும்மா" என்றார் பொருளாளர். இதமாக எழுத என்னால் ஆகாது. போன வருஷம் ஆனி மாதம் முழுக்க எனக்குக் குமட்டிக்கொண்டே இருந்தது. சோற்றைப் பார்த்தால் குமட்டல், காக்கியைப் பார்த்தால் குமட்டல், கடைசியில் கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்தாலும் குமட்டல். அதையெல்லாம் மறைத்துவிட்டு அம்மன் அருளை மட்டும் எழுதினால் அது பாதிப் பொய்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பதினான்கு வருஷம் செக்கிங்கில் இருந்தவள். ஒரு நாள் காலையில் எங்களில் முப்பது பேரை கேட்டிலேயே நிறுத்தி, வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். லேபர் கோர்ட்டில் எங்களுக்காக ஒரு வக்கீலம்மா பேசினார். குரலைக்கூட உயர்த்தவில்லை. எதிர்த்தரப்பு வேர்த்துப்போனது. அன்றைக்கே முடிவு செய்தேன், நானும் இதைத்தான் படிக்கப் போகிறேன் என்று. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். திருவள்ளூர் பக்கம் இருக்கும் அரசு சட்டக் கல்லூரியில் சேர்ந்து, மகள் வயதுப் பெண்களோடு மூன்று வருஷம் உட்கார்ந்தேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே படிப்பு.

கடைசி செமஸ்டரில் இருப்பவர்களும் பார் தேர்வு எழுதலாம் என்று இப்போது வந்துவிட்டது. எழுதினேன். முதல் தடவையிலேயே தேறினேன். நாற்பத்தொரு வயது! எங்கள் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவர் கிரீஸ் கையோடு வந்து என் ரிசல்ட்டைப் போனில் பெரிதாக்கிப் பார்த்து அழுதார். கறுப்பு கோட்டும் அங்கியும் தைக்கக் கொடுத்தோம். இனி பார் கவுன்சிலில் பெயரைப் பதிந்து, உறுதிமொழி எடுக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குக் காவல் நிலையத்திலிருந்து நன்னடத்தை அறிக்கை வேண்டும்.

அறிக்கை வந்தது. "மேற்படி நபர் மீது குற்ற வழக்கு நிலுவையில் உள்ளது."

நான் தெருக்குழாயில்கூட யாரோடும் சண்டை போட்டதில்லை. என் மேல் வழக்கா? நிலுவையில் வழக்கு இருந்தால் பெயரைப் பதிய மாட்டார்கள். அடுத்த மாதம் நடக்கும் பதிவை விட்டால் அதற்கடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கு ஓடினேன். அங்கே எழுத்து வேலை பார்க்கும் ஏட்டை எல்லோரும் ரைட்டர் என்பார்கள். அவர் தீக்குச்சியால் காது குடைந்துகொண்டே ஒரு கட்டைப் பிரித்தார். குடைந்த குச்சியை அந்தக் கட்டின் மேலேயே வைத்தார்.

"க. சாந்தி, நெமிலிச்சேரி. எதிர்வீட்டுக்காரரைத் துடைப்பத்தால் தாக்கி, ஆபாசமாகத் திட்டினார். வக்கீலம்மா, தொடப்பத்தாலயா?" என்று சொல்லி, பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

நாலு வருஷத்துக்கு முந்தைய வழக்கு. குற்றப்பத்திரிகைகூட கோர்ட்டில் போட்டாகிவிட்டது. சம்மன் மட்டும் யாருக்கும் போகவில்லை. எந்தக் காகிதத்திலும் அப்பா பெயர் இல்லை, புருஷன் பெயர் இல்லை. வெறும் க. சாந்தி. என் அப்பா கணேசன். ஆதாரில் நான் ஆங்கிலத்தில் ஜி. சாந்தி. தமிழில் எழுதினால் க. சாந்தி. கண்ணன் மகளும் க, கார்மேகம் மகளையும் சில பேர் க என்றே எழுதிவிடுகிறார்கள். வேறு யாரோ ஒரு சாந்தி செய்ததை என் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னேன். புகார் கொடுத்தவரைக் கூப்பிட்டு என்னைக் காட்டுங்கள் என்றேன். அவர் வீட்டை விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டாராம், போன் எடுப்பதில்லையாம்.

"ஜியும் க-தான், கேயும் க-தான். நீங்க இல்லன்னு நான் எப்படிம்மா எழுதுறது? அந்த இன்னொரு சாந்தியக் கூட்டிட்டு வாங்க, எழுதறேன்" என்றார் ரைட்டர். போலீஸ் வேலையை நான் செய்ய வேண்டுமாம். கேட்டால் சிரிக்கிறார்.

நான் ஜூனியராகச் சேருவதாக இருந்த சீனியர் வக்கீலிடம் போனேன். அவர் மசால் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வழக்குக் காகிதத்தை எண்ணெய்க் கையோடு வாங்கிப் புரட்டினார். "இதுக்கா அழுவுற? கோர்ட்டுல போயி ஒப்புக்கோ. சின்னதா அபராதம் போடுவாங்க, கட்டிடு. கேஸ் முடிஞ்சுதுன்னு ரிப்போர்ட் வரும். அடுத்த மாசம் கோட்டு போட்டுக்கலாம்."

"சார், நான் செய்யலையே."

"செஞ்சியா செய்யலையான்னு யார் கேட்டா? முடியணுமா வேணாமா, அதைச் சொல்லு."

இவரா எனக்கு நீதி சொல்லித்தரப் போகிறார்?  ஆனால் கேட்டுக்கொள்ளுங்கள், நான் எழுந்து வரவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் குமாஸ்தா ஒரு மனுவை டைப் செய்து கொண்டுவந்தார். 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், குறைந்தபட்ச தண்டனை அளிக்க வேண்டுகிறேன்.' வீட்டில் எங்கள் வீட்டுக்காரரும் அதையே சொன்னார்: "ஒரு கையெழுத்துதானே சாந்தி. யாருக்குத் தெரியப்போவுது?" போட்டேன். க. சாந்தி என்று, அழகாக, புள்ளி வைத்துப் போட்டேன். அடுத்த திங்கட்கிழமை கோர்ட். அதன்பிறகு இரண்டு நாள் என் கையால் பிசைந்த சோறு எனக்கே இறங்கவில்லை. சட்டம் படித்த மூன்று வருஷத்துக்குப் பலன் இதுதானா, முதல் முதலாக நீதிபதி முன்னால் நின்று சொல்லப்போவது பொய்யா? ச்சீ என்று இருந்தது.

ஆடி முதல் வெள்ளி கோயிலுக்குப் போனேன். என் வேண்டுதலை மறைக்காமல் எழுதுகிறேன். "தாயே, எந்தச் சிறுக்கி இந்த வேலையைப் பண்ணினாளோ அவள் கை விளங்காமல் போகணும். அவள் குடும்பம் நடுத்தெருவில் நிற்கணும். அவளை இழுத்துக்கொண்டுவந்து என் கண் முன்னால் நிறுத்து." இதைத்தான் வேண்டினேன். எலுமிச்சம்பழ விளக்கு ஏற்றி, கற்பூரம் காட்டி, கண்ணீர் விட்டு இதைத்தான் வேண்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றினார்கள். நான் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீட்டுக்காரர் தூக்குச்சட்டியைக் கையில் கொடுத்துத் துரத்தினார். வரிசையில் நின்றேன். பொருளாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு உபயதாரர் பெயர்களை வழக்கம்போல் கத்திக்கொண்டிருந்தார். "கேழ்வரகு மாவு உபயம்... முருங்கைக்கீரை உபயம்... சின்ன வெங்காயம் பத்து கிலோ உபயம், க. சாந்தி குடும்பத்தார்!"

நான் அந்த வருஷம் ஒரு துண்டு வெங்காயம்கூடக் கொடுக்கவில்லை. கையில் காலித் தூக்கு. வரிசையை விட்டு மைக்கிடம் ஓடினேன்.

"அண்ணே, அது எந்த சாந்தி?"

"ஏன், நீ இல்லியா? அட ராமா! நீதான்னு நெனச்சு உன் ஊட்டுக்காரருக்கு நன்றி சொல்லிட்டேனே! அப்ப அது நம்ம கதிர்வேலு பொண்ணு சாந்தி. ரயில்வே கேட்டாண்ட கீதே, கம்பெனில ஹவுஸ்கீப்பிங் பண்ணுதே, அது. தோ, அடுப்பாண்ட குந்தினு வெங்காயம் உரிக்குது பாரு."

கதிர்வேல். க. அடுப்புப் பக்கம் திரும்பினேன்.

அம்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, வெற்றிலை போட்ட வாய், மடியில் முறம். நான் என்ன செய்தேன் தெரியுமா? பையில் இருந்த போனில் ரெக்கார்டை அழுத்திவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிரித்தேன். நானும் இரண்டு வெங்காயம் உரித்தேன். "அக்கா, உங்க எதிர்வீட்டுக்காரரோட ஏதோ தகராறாமே?" என்று குழைந்தேன். அம்மன் சன்னதியில் ஒரு பெண்ணுக்கு வலை விரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கு அருவருப்பு.

அந்த அம்மா வலைக்கெல்லாம் காத்திருக்கவில்லை. "தகராறு இன்னா தகராறு? அட்ச்சேன். கக்கூஸ் தண்ணிய பைப்பு வச்சு எங்க ஊட்டு வாசல்ல உட்டான். ஒரு மாசம் கெஞ்சினேன். உன்கிட்ட இன்னாடி பேச்சு, அந்தாண்ட போன்னான். எங்கம்மா அந்தத் தண்ணில வழுக்கி உயிந்துச்சு. கையில தொடப்பம் இருந்துச்சு, போட்டேன் ரெண்டு. அதுக்கு இன்னா இப்ப?"

"உங்க மேல கேஸ் இருக்குக்கா."

"அப்பிடியா? யாரும் வந்து சொல்லலியே." பயந்ததாகவே தெரியவில்லை. என் முகத்தையே பார்த்தார். "நீ யாரு? உனக்கு எதுக்கு இது?"

சொன்னேன். முதல் எழுத்தைச் சொன்னேன், அறிக்கையைச் சொன்னேன், நாளைக்குக் கோர்ட்டில் ஒப்புக்கொள்ளப் போவதையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் பார்த்தாரே ஒரு பார்வை. கூழ்ப்பானையில் ஈ விழுந்தால் பார்ப்போமே, அப்படி.

"நான் அட்ச்ச அடிய நீ அட்ச்சேன்னு சொல்லப் போறியா? த்தூ! வக்கீலுக்குப் படிச்சிகினு, ஜட்ஜுகிட்ட போய் பொய் சொல்லுவியா? உனுக்கு வெக்கமா இல்ல? அது என் அடிமா. நான் பட்ட நாத்தத்துக்கு நான் அட்ச்சது. உனுக்கு எதுக்குத் தருவேன்?"

ஒரு மாதமாக நான் பார்த்த அத்தனை படித்த மனிதர்களும், நான் உட்பட, எங்களுக்குள் பேசி முடித்துவிட்ட ஒரு விஷயம் அது. ஒருத்தருக்கும் அது நாறவில்லை. இந்த அம்மாவுக்கு நாறியது. நான் அங்கேயே அழுதேன். பையில் போன் ஓடிக்கொண்டிருப்பதையும் சொன்னேன், அவரைச் சபித்து வேண்டியதையும் சொன்னேன். அவர் தன் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "விளங்கிகினுதான் கீது. அம்மா பாதியத்தான் காதுல வாங்கிச்சு போல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் அவர் வேலைக்கு அரைநாள் லீவு போட்டார். கேஸ் விஷயம் தெரிந்தால் காண்ட்ராக்டர் நிறுத்திவிடுவான் என்று அவர் மகள் தடுத்தாள். அவர் கேட்கவில்லை. கோர்ட்டுக்குப் போகாமல் இரண்டு சாந்தியும் சேர்ந்து காவல் நிலையத்துக்குப் போனோம். ரைட்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கதிர்வேலு பொண்ணு சாந்தி வந்துகீறேன். எதிர்வூட்டுக்காரன அட்ச்சது நான்தான். எய்து."

ரைட்டர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, யாராவது தானா வந்து மாட்டிக்குவாங்களா?"

"நீதான சார் கூட்டிகினு வரச் சொன்னியாம். எய்து."

எழுதினார். வேறு வழி? ஆதார் நகல் வாங்கினார், அவர் கையில் சம்மனைக் கொடுத்தார், 'ஆள் வேறு' என்று என் அறிக்கையைத் திருத்தி அனுப்பினார். கையெழுத்துப் போட்ட மனுவை நான் அந்த ஸ்டேஷன் வாசலிலேயே சுக்கு நூறாகக் கிழித்தேன்.

அடுத்த மாதம் பதிவு நடந்தது. எங்கு பார்த்தாலும் கறுப்பு அங்கி, எங்கு பார்த்தாலும் கண் கலங்கிய பெற்றோர். உறுதிமொழியைச் சேர்ந்து சொன்னோம். சொன்ன ஒரு வார்த்தையும் என் நாக்கைச் சுடவில்லை. அன்று மாலை சீனியரிடமிருந்து செய்தி வந்தது: "சொன்னேன்ல, எல்லாம் சரியாயிடும்னு!" பூங்கொத்துப் படம் வேறு. எனக்குக் குமட்டியது. பதில் போடவில்லை. இப்போது அந்த லேபர் கோர்ட் வக்கீலம்மாவிடம்தான் ஜூனியராக இருக்கிறேன்.

நான் முதல் முதலாக வக்காலத்துப் போட்டது சாந்தியக்காவுக்குத்தான். வழக்கை நடத்தலாம், புகார் கொடுத்தவன் சாட்சி சொல்ல வரமாட்டான், விடுதலை கிடைக்கும் என்று எடுத்துச் சொன்னேன். சட்டப்படி அது சரியான யோசனைதான். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நீதிபதி கேட்டபோது கூண்டில் நிமிர்ந்து நின்று, "ஆமாங்கையா, நான்தான் அட்ச்சேன். ஏன் அட்ச்சேன்னு கேளுங்க" என்றார். நீதிபதி கேட்டார். கழிவுத் தண்ணீரைப் பற்றி, அம்மா விழுந்ததைப் பற்றி முழுக்கக் கேட்டார். இனி இப்படிச் செய்யக்கூடாது என்று எச்சரித்து, தண்டனை இல்லாமல் அனுப்பினார். அந்த இடத்தில், அதே வார்த்தையை, நான் பொய்யாகச் சொல்ல இருந்தேன். அங்கியின் உள்ளே எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது.

அம்மன் மைக்கில் வந்து என் பெயரைக் கூப்பிட்டாள் என்று தெருவில் கதை கட்டுகிறார்கள். அவள் அழைத்தது என்னை இல்லை. பத்து கிலோ வெங்காயம் கொடுத்தவளை அழைத்தாள், நான் நடுவில் ஓடினேன். அவ்வளவுதான், ஆனால் எனக்கு அதுவே போதும். பொய் சொல்லிப் பிழைக்க இருந்தவளை என் தாய் காப்பாற்றினாள். அதற்காக உயிர் இருக்கும்வரை அவள் காலடியில் கிடப்பேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு நெருக்கடி வரும். எல்லோரும் செய்கிறார்கள், ஒரு கையெழுத்துதானே என்பார்கள். உங்களுக்குக் குமட்டினால் அந்தக் குமட்டலை விழுங்கிவிடாதீர்கள், அதோடு எல்லையம்மனிடம் போய் நில்லுங்கள். வேண்டத் தெரியாவிட்டாலும் நில்லுங்கள். நான் வேண்டிய லட்சணத்தைத்தான் படித்தீர்களே, எனக்கே கொடுத்தாள், உங்களுக்குக் கொடுக்க மாட்டாளா?