எனக்கு அருள் வந்த கதை

என் மகளைப் பற்றியும் என்னைப் பற்றியும் எழுத இரண்டு மூன்று வருடமாகத் தயங்கினேன். இப்போது சாமி காரியமும் சேர்ந்துகொண்டது... வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களோடு ரசமும் விரதமும் பேசுகிறவள் இதை எப்படிச் சொல்வது? ஆனாலும் போன வாரத் திருவிழா அந்தத் தயக்கத்தைத் தீர்த்துவிட்டது.

முதலில் பழைய விஷயம். என் மகள் நிவேதாவுக்கு ஆட்டிசம் என்று கோயமுத்தூர் டாக்டரம்மா சொன்னார். சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சில மாதங்களில் எனக்கும் ஆட்டிசம்தான் என்றார். நாற்பது தாண்டிய பிறகு!

"சின்ன வயசுல எப்படி இருந்தீங்க?" என்று அப்போது கேட்டிருந்தார்.

என்னத்தைச் சொல்ல? கீழ் கோத்தகிரிப் பக்கம் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தேன், பத்தாவது வரை படித்தேன். இதெல்லாம் தெரியும். ஆனால் நினைவு? ஈரக் கம்பளி வாசம், தகரக் கூரையில் மழை — அவ்வளவுதான். மற்றவர்கள் பிள்ளைப் பருவத்தைப் பேசும்போது, யார் வீட்டுக் கல்யாண வீடியோவையோ பார்ப்பதுபோல் உட்கார்ந்திருப்பேன். அக்காவைக் கேட்டால், "நீ பாட்டுக்கு இருப்ப, தொந்தரவே இல்ல" என்று எழுந்து போய்விடுவாள்.

நிவேதாதான் விடுவதில்லை. "அம்மா, நீயும் என்னைய மாதிரிதான் இருந்தியா?"

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தன்னைப்போல் இன்னொருத்தி இருந்தாள் என்று தெரிய வேண்டும். பொய் சொல்ல மனம் வரவில்லை. "தெரியல கண்ணு" என்பேன். முகம் சுருங்கிவிடும்.

போன வாரம் எஸ்டேட் மாரியம்மன் திருவிழா. ஓரமாகத்தான் நின்றோம். பம்பை மேளக்காரர்கள் திடீரென்று எங்கள் பக்கம் திரும்பினார்கள். நிவேதா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். உடம்பு நடுங்கியது.

"புள்ளைக்கு அருளு வருது! பம்பையைக் கிட்ட கொண்டாங்கப்பா!" என்றார் கோயில் பெரியவர். அருள் இறங்கத் தயங்கினால் பம்பையைக் காதருகில் அடிப்பது எங்கள் வழக்கம்.

"அருள் இல்லைங்க மாமா. சத்தம் தாங்க மாட்டா..."

"சாமி முன்னால அப்படிச் சொல்லாத தாயி!"

அம்மனை மீறுவதா? அதற்குள் அக்கா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க மாமா, ஒருத்தியைக் கீழ உழுக வெச்சுக் கும்புட்டது பத்தாதுங்களா?"

நான் நிவேதாவை அணைத்துக்கொண்டு வெளியே ஓடினேன். பேக்டரிக்குப் பின்னால், சத்தம் எட்டாத இடத்தில் மூவரும் உட்கார்ந்தோம்.

"யாரைக்கா உழுக வெச்சாங்க?"

"உன்னையத்தான். ஆறு வயசு உனக்கு. இதே மாதிரி காதைப் பொத்திட்டு ஆடுன. பம்பையைக் கிட்ட கொண்டாந்தாங்க. சுருண்டு உழுந்துட்ட. அம்மன் வந்துட்டான்னு லைனே உன்ற கால்ல உழுந்துச்சு."

"ஏன்க்கா சொல்லவே இல்ல?"

"சாமி காரியம், வெளிய பேசக்கூடாதுன்னு அம்மா சொல்லிருச்சு."

லைனே கும்பிட்டிருக்கிறது. நானும் அங்கே இருந்திருக்கிறேன். நினைவில் எவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

நிவேதா காதிலிருந்து கையை எடுத்தாள். "அம்மா, உனக்கு வலிச்சுதா?"

"ஞாபகம் இல்ல கண்ணு."

"எனக்கு வலிச்சுது."

"அப்ப எனக்கும் வலிச்சிருக்கும்."

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நீயும் என்னைய மாதிரிதான்" என்று என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, கூட்டமில்லாத நேரத்தில் போய் அம்மனைக் கும்பிட்டு வந்தோம்.

இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். எனக்கு நினைவு திரும்பிவிட்டது என்று முடிக்காதீர்கள் — திரும்பவில்லை. அம்மனைக் குறை சொன்னேன் என்றும் சேர்க்காதீர்கள்...

பம்பையைக் கிட்டே கொண்டுவரச் சொன்னது அவள் இல்லையே!